மெக்லஸ்கிகஞ்ச்: பென்ஷன் பணத்தில் எழுந்த ஊர்

செவ்வாய், ராஞ்சி

ஜார்கண்டின் ராஞ்சியில் மெக்லஸ்கிகஞ்சுக்கு வழி கேட்டால் பாதிப் பேர் அதன் பக்கத்து ஊரான கலாரிக்குப் போகும் வண்டியைக் காட்டுகிறார்கள். மீதிப் பேர், "அங்கே என்ன இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். விடுதி வரவேற்பில் இருந்த பையன் இரண்டாவது ரகம். "சாகிப்கள் எல்லாம் போயாச்சு சார். நாலு பழைய பங்களா நிற்குது, அவ்வளவுதான்" என்றான்.

அந்த நாலு பங்களாவுக்காகத்தான் வந்திருக்கிறேன். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியை ஒட்டிய தெருவில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்தில் சட்டைக்காரர்கள் (வெள்ளைக்கார, இந்திய வம்சம் கலந்த ஆங்கிலோ இந்தியர்கள்) என்றால் எஞ்சின் டிரைவர், கார்டு, ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் குல்குல்ஸும் ஒரு தட்டில் வரும்; தீபாவளிக்கு அதே தட்டில் எங்கள் வீட்டு அதிரசம் போகும். பிறகு ஒவ்வொரு குடும்பமாகப் பெர்த், மெல்போர்ன் என்று கிளம்பிவிட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் போனவர்களின் தடம் நிற்காது. வீடு அடுத்தவருக்கு ஒதுக்கப்பட்டு, வேறு பெயர்ப் பலகை ஏறிவிடும். அதே ஜனங்கள் தங்கள் கைக்காசில் நிலம் வாங்கி, தங்களுக்கென்றே ஓர் ஊரைக் கட்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஆட்கள் போன பிறகும் வீடுகள் நிற்கின்றன என்று படித்தபோதே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முன்கதையை இன்றே சொல்லிவிடுகிறேன். எர்னஸ்ட் திமொத்தி மெக்லஸ்கி கல்கத்தாவில் வீடு, மனை வாங்கி விற்கும் தொழில் செய்த ஆங்கிலோ இந்தியர். வங்காளச் சட்டசபையிலும் இருந்தவர். பிரிட்டிஷ் அரசின் 1919 சீர்திருத்தங்களுக்குப் பிறகு ரயில்வே, சுங்கம், தபால் தந்தி ஆகிய துறைகளில் மற்ற இந்தியர்களையும் கூடுதலாக வேலைக்கு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். எடுத்தது நியாயம்தான். ஆனால் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் அந்த மூன்று துறைகளின் சம்பளத்தில். வெள்ளைக்காரர்கள் இவர்களைத் தங்களில் ஒருவராக எண்ணவில்லை. இந்தியர்கள் இவர்களை வெள்ளைக்காரரின் ஆட்களாகப் பார்த்தார்கள். சைமன் கமிஷன் வந்து போன காலத்தில் இந்தப் பயம் முற்றிவிட்டது.

மெக்லஸ்கி தொழில்காரராயிற்றே, மனுப் போடுவதோடு நிற்கவில்லை. 1933-ல் 'காலனைசேஷன் சொசைட்டி ஆஃப் இந்தியா' என்று ஒரு கம்பெனி தொடங்கினார். சோட்டாநாக்பூர் நாகவம்சி மன்னரான ராத்து மகாராஜாவிடம் 10,000 ஏக்கரைக் குத்தகைக்குப் பேசினார். நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் ஆங்கிலோ இந்தியர்களுக்குச் சுற்றறிக்கை போனது. பங்கு வாங்கு, மனையை எடுத்துக்கொள், நமக்கென்று ஒரு தாயகம். 300-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்தன. சங்கம் தனக்கென ஒரு மாதப் பத்திரிகைகூட நடத்தியது. மெக்லஸ்கி 1935-லேயே இறந்துவிட்டார்; ஊருக்குப் பெயராக நின்றதோடு சரி.

புதன், மெக்லஸ்கிகஞ்ச்

ராஞ்சியிலிருந்து வடமேற்கே 60 கிலோமீட்டர் சொச்சம். முதல் பாதி அழகு. செம்மண், சால் மரங்கள், பங்குனி வெயிலில் இலை உதிர்த்து நின்ற இலுப்பைகள். அதன்பிறகு லாரிகள். வடக்கு கரன்புரா நிலக்கரிப் படுகையின் ஓரத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது. கலாரி நெருங்க நெருங்கச் செம்மண்ணின் மேல் கரித்தூள் படிந்து, சாலையோர மரங்களின் இலை எல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது. காட்டுக்குள் மறைந்த கனவு நகரம் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் இந்தச் சாலை வழியாக வந்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

கலாரியில் இறங்கி வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு குரல்: "அண்ணா, தமிழா?"

ஒராவன் பழங்குடி இளைஞர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார். செக்கிங்கில் (தைத்ததைச் சரிபார்க்கும் வேலை) சேர்ந்து பவர் டேபிள் (தையல் மெஷின்) வரை போனவர். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊர் திரும்பி, ஆட்டோ ஓட்டுகிறார். அவர் வீட்டில் பேசும் குடுக் மொழியும் திராவிடக் குடும்பம்தான் என்று நான் ஆரம்பித்ததும், "ஆமாண்ணா, கம்பெனில ஒரு சார் சொன்னாரு. சொல்லிட்டு ஓ.டி. காச மட்டும் கம்மியா குடுத்தாரு" என்றார். இங்கே இருக்கும்வரை அவர் ஆட்டோதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஊர் என்று ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தெரு கிடையாது. லாப்ரா, கோன்கா, ஹெசாலாங், துலி என்று சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே மாந்தோப்பும் காடும். தோப்புக்குள் திடீரென்று ஓட்டுக்கூரையும் புகைபோக்கியுமாக ஒரு பங்களா. அடுத்தது அரை மைலுக்கு அப்பால். நாற்பது வருடம் குவார்ட்டர்ஸில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தவர்கள், சொந்தமாகக் கட்டும்போது பக்கத்து வீட்டுச் சத்தமே கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பார்கள் போல. ரயில் மட்டும் கேட்கிறது. பர்காகானா - பர்வாடி பாதை 1920களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ரயில்காரர்களுக்கு நிலம் விற்க அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

தங்கியிருப்பது அப்படி ஒரு பங்களாவில். வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், இங்கே மிஞ்சியிருக்கும் ஆங்கிலோ இந்தியர்களில் ஒருவர். அங்கிள் என்று கூப்பிட்டேன், பிடித்துப்போய்விட்டது. பொன்மலையா என்று கேட்டுவிட்டுத் தன் அப்பாவுடன் வேலை பார்த்த யாரோ கோல்டன் ராக்கில், அதாவது பொன்மலையில், இருந்ததாகச் சொன்னார். ரயில்வேக் குடும்பங்களுக்கு நாடு முழுக்க ஒரே சொந்தம்தான். இரவு மின்சாரம் போய்விட்டது, மீதி நாளை.

வியாழன்

காலை முழுக்க நடந்தேன். ஒரு பங்களாவில் கூரை இறங்கி, வரவேற்பறைக் கணப்புக்குள் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. அடுத்ததற்குப் புதிதாக வெள்ளையடித்து இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள்; கல்கத்தாவிலிருந்து வாங்கியவர்களாம், டிசம்பரில் மட்டும் வருவார்களாம். வங்காளிகள், ஓய்வுபெற்ற ராணுவக்காரர்கள் என்று கை மாறிய வீடுகள் நிறைய. லிச்சி, மா, கொய்யா மரங்கள் மட்டும் யார் கைக்கு மாறினோம் என்ற கவலை இல்லாமல் காய்க்கின்றன.

மதியம் அங்கிளுடன் வராந்தாவில் உட்கார்ந்து கேட்க வந்ததைக் கேட்டேன். ஏன் போனார்கள்?

இதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு: 1947-ல் வெள்ளைக்காரன் போனான், பயந்து இவர்களும் போனார்கள். அங்கிள் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார். "அதுக்கு முன்னாடியே பசங்க போயாச்சு மேன். யுத்தம் வந்ததும் பையன்கள் பட்டாளத்துக்கு, பெண்கள் மகளிர் துணைப்படைக்கு. சம்பளம் பார்த்த பிறகு எவன் கோழி வளர்க்கத் திரும்பி வருவான்?"

அவர் அப்பா முப்பது வருடம் எஞ்சின் ஓட்டியவர். ஓய்வு பெற்று, சேமிப்பைப் போட்டு இங்கே வந்தார். சங்கத்தின் திட்டம் என்னவோ விவசாயம்தான்: பழத்தோட்டம், கோழி, பன்றி, பால். 10,000 ஏக்கரை 300 குடும்பத்துக்கு வகுத்தால் தலைக்கு 33 ஏக்கர் வருகிறது. நம் காவிரிப் படுகையில் அது மிராசுதார் கணக்கு. இங்கே மழை குறைவில்லை, ஆனால் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுச் சரிவில் ஓடிவிடும். மேட்டு நிலத்தை டாண்ட் என்கிறார்கள், பள்ளத்து நெல் வயலைத் தோன் என்கிறார்கள். தோன் முழுக்கப் பழங்குடிக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக வரப்புக் கட்டித் திருத்தியது. காலனிக்கு வந்தது டாண்டும் காடும். அங்கே விளைந்த பழத்தை விற்க வேண்டுமென்றால் ரயிலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி அழுகும்.

"எங்களைச் சோம்பேறி விவசாயி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஐம்பத்தஞ்சு வயசு டிரைவர் கையில் ஏரைக் கொடுத்தால் என்ன செய்வான்? அப்பாவுக்கு மாசம் பிறந்தால் பென்ஷன் வரும். அதில் தோட்டக்காரனுக்குக் கூலி கொடுத்தார். தோட்டம் அப்பாவுக்குச் சோறு போட்டதே இல்லை, அப்பாதான் தோட்டத்துக்குப் போட்டார்."

ஊரின் மொத்த வரலாறும் இந்தப் பேச்சில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பென்ஷன்காரர் சாகும்போது பென்ஷனும் போகும். பிள்ளைகளுக்கு இங்கே வேலை இல்லை, அந்தக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி பள்ளிக்கூடமும் இல்லை. எட்டு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போகிற குழந்தை விடுமுறைக்கு மட்டும் வரும். பிறகு அதுவும் குறையும். சுதந்திரம் வந்திருக்காவிட்டாலும் இரண்டாவது தலைமுறையில் இந்த ஊர் காலியாகியிருக்கும். சுதந்திரம் அதை வேகப்படுத்தியது. அரசியலமைப்பின் 336-வது பிரிவு ரயில்வே, சுங்கம், தபால் தந்தியில் இவர்களுக்கிருந்த ஒதுக்கீட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்து, பத்தாண்டுகளில் முடித்துவைத்தது. தந்தைவழியில் பிரிட்டிஷ் வம்சம் என்று காகிதம் காட்ட முடிந்தவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். ஆஸ்திரேலியா அப்போது நிறம் பார்த்துத்தான் உள்ளே விட்டது. ஒரே வீட்டில் வெளுத்த அண்ணனுக்கு அனுமதி கிடைத்து, கறுத்த தம்பிக்குக் கிடைக்காமல் போன கதைகள் பொன்மலையிலும் உண்டு.

மெக்லஸ்கிக்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் கொடுத்த 3,900 ஏக்கரில், டி. எஸ். ஒயிட் என்பவர் தலைமையிலான சங்கம் ஆங்கிலோ இந்தியர்களுக்காக ஒரு விவசாயக் குடியிருப்பை அமைத்தது. அதுதான் இன்று ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு. அங்கேயும் விவசாயம் பெரிதாக எடுபடவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்துச் சம்பளம் தானாக அங்கே வந்து சேர்ந்தது, வேறு ஆட்களுக்கு.

மாலை கல்லறைத் தோட்டம். உள்ளே போகப் புதரை விலக்க வேண்டியிருந்தது. பழைய கல்லறைகள் சலவைக்கல்லில், பின்னால் வந்தவை சிமென்டில், கடைசியாக வந்த சிலவற்றில் பெயின்டில் எழுதிய எழுத்து. கையிருப்பு கரைந்த வரிசையிலேயே படுத்திருக்கிறார்கள்.

வெள்ளி

இன்று ஆட்டோக்காரர் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். விடிவதற்குள் இலுப்பைப் பூ பொறுக்கப் போய்விட வேண்டும் என்று நாலரைக்கே எழுப்பிவிட்டார். இங்கே மகுவா. சருகைக் கொளுத்தித் தரையைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். இரவெல்லாம் உதிர்ந்த பூவை வெயில் ஏறுவதற்குள் கூடையில் அள்ளுகிறார்கள். அவர் அம்மா எனக்கும் ஒரு கூடை தந்துவிட்டு, நான் பொறுக்கிய வேகத்தைப் பார்த்துச் சிரித்தபடி அதை வாங்கிக்கொண்டார். காய்ந்த பூவை வியாபாரிக்கு விற்கலாம், ஊறவைத்துச் சாராயம் காய்ச்சலாம், பஞ்சத்தில் அப்படியே தின்றும் பிழைக்கலாம். எந்த மரம் எந்தக் குடும்பத்துக்கு என்று ஊரே அறியும். இன்னும் சில நாளில் சர்ஹுல் பண்டிகை. அதற்குமுன் சால் பூவைத் தலையில் சூடமாட்டார்கள்.

காலனி என்று பேசும்போது இவர்கள் எப்போதும் பின்னணியில்தான் வருகிறார்கள்: ஆயா, மாலி (தோட்டக்காரர்), சௌகிதார் (காவலாளி). அவர் தாத்தா ஒரு பங்களாவில் மாலி. "சாகிப் நல்லவருன்னுதான் தாத்தா சொல்லுவாரு. போகும்போது சைக்கிள குடுத்துட்டுப் போனாராம். ஆனா அந்தக் காட்டுல முன்னாடி எங்க மாடு மேயும்ணா. வேலி போட்டப்புறம் மேயல. அத யாரும் கேக்கல." நான் அதற்கு என்ன சொல்வது?

இந்த மண்ணில் நிலம் யாருடையது என்ற கேள்வி மெக்லஸ்கிக்கு வெகு காலம் முந்தியது. முண்டா பழங்குடியினர் முன்னோர் எலும்பைப் புதைத்து மேலே பெரிய பலகைக் கல் சாய்ப்பார்கள். சாசன்திரி என்று பெயர். அதுதான் அவர்களுக்குப் பட்டா: என் பாட்டன் இந்தக் கல்லுக்கடியில் இருக்கிறான், ஆகவே ஊர் எனது. காகிதப் பட்டாவோடு வந்த ஜமீன்தார்களிடமும் வட்டிக்காரர்களிடமும் அந்தக் கல் எடுபடவில்லை. பிர்சா முண்டாவின் எழுச்சி 1899-ல் வெடித்தது. அடுத்த ஆண்டு அவர் ராஞ்சிச் சிறையில் இறந்தார். அதன் பலனாக வந்ததுதான் 1908-ன் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போவதற்கு அது இன்றும் தடை. நேற்றுப் பார்த்த சலவைக்கல் கல்லறைகளையும் யோசித்துப் பார்த்தேன். ஒரு சாராருக்குக் கல் இருந்தது, காகிதம் இல்லை. இன்னொரு சாராருக்கு மெக்லஸ்கி காகிதத்தை விற்றார், கல் பிறகு வந்தது.

வெயில் தாங்கவில்லை. மதியத்துக்குமேல் தூங்கிவிட்டேன்.

சனி

காலை ஏழு மணிக்குத் திடீரென்று ஊர் முழுக்கப் பிள்ளைகள். டை கட்டி, பை மாட்டி, ஒவ்வொரு தோப்புக்குள்ளிருந்தும் வரிசையாக வருகிறார்கள். 1997-ல் இங்கே டான் போஸ்கோ அகாடமி தொடங்கியது. தொடங்கியவர் ஆல்ஃபிரட் டி ரொசாரியோ, பிகார் சட்டசபையின் நியமன ஆங்கிலோ இந்திய உறுப்பினராக இருந்தவர். ஆங்கில வழிப் பள்ளி என்றதும் ஜார்கண்டின் ஊர்களிலிருந்தும் பிகாரிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அத்தனை பேர் எங்கே தங்குவது? காலியாகக் கிடந்த பங்களாக்கள் விடுதிகளாயின. மிஞ்சியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு முதல்முறையாக இந்த மண்ணிலேயே மாத வருமானம் கிடைத்தது. மெக்லஸ்கியின் பழத்தோட்டம் செய்யாததைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கட்டணம் செய்தது. அங்கிளும் ஒரு காலத்தில் இருபது பையன்களை வைத்துப் பார்த்திருக்கிறார். "சத்தம் தாங்காது. ஆனால் கூரையை மாற்றியது அந்தக் காசில்தான்."

ஊர் செத்துவிட்டது என்று எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மதியம் வந்து, பூட்டிய பங்களா நாலைப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள். ஊர் இருக்கிறது. கட்டியவர்கள்தான் இல்லை.

அவர்களுக்கு மிச்சமிருந்த அரசியல் இடமும் போய்விட்டது. ஜார்கண்ட் சட்டசபையில் தேர்தலில் வென்று வருபவர்கள் 81 பேர். 82-வது நாற்காலி நியமன ஆங்கிலோ இந்தியருக்கு. 104-வது அரசியலமைப்புத் திருத்தம் 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும் அந்த நாற்காலியும், மக்களவையில் இருந்த இரண்டும் இல்லாமல் போயின. அதற்கான மசோதா வந்தபோது மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர். பொன்மலை, பெரம்பூர், ஜோலார்பேட்டையை மட்டும் சுற்றினாலே அதற்குமேல் தேறுவார்கள். அங்கிளிடம் இந்த எண்ணைச் சொன்னபோது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "என்னை எண்ணினார்களா என்று தெரியவில்லை மேன். வந்தவன் மதம் கேட்டான், கிறிஸ்தவன் என்று எழுதிக்கொண்டு போனான்."

விடைபெறும்போது அறை வாடகைக்கு ரசீது எழுதித் தந்தார், கையெழுத்து அச்சடித்ததுபோல். பிள்ளைகள் எங்கே என்று நான் கேட்கவே இல்லை; சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி மெல்போர்னில் அச்சானது.

கலாரிக்கு வரும் வழியில் ஆட்டோக்காரர் பள்ளி வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி, காவலாளியிடம் ஒரு டிபன் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் அங்கே ஏழாவது படிக்கிறாள். வீட்டிலிருந்தே போய் வருவதால் விடுதிக் காசு மிச்சம், ஆனாலும் ஆட்டோ வருமானத்தில் கட்டணம் கட்டி மாளவில்லை. சர்ஹுல் முடிந்ததும் மறுபடி திருப்பூர் கிளம்புகிறாராம்.

"ஊருக்குப் போனதும் ஒரு வேல செய்யணும் அண்ணா. இப்ப ஒன்றரை ஷிப்டுக்கு எவ்ளோ தர்றாங்கன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. புரோக்கர் சொல்றத நம்ப முடியல."

வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொண்டேன். செக்கிங்கிலா, பவர் டேபிளிலா என்று கேட்டேன்.

"பவர் டேபிள்தாண்ணா. செக்கிங்ல ரொம்பக் கம்மி."